வருகைப் பதிவேட்டில் இல்லாத பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாம்பல் புதன். கல்லூரிக்குச் செல்லும் வழியில், காலைத் திருப்பலிக்காக மிஷன் வீதியிலுள்ள சம்பா கோயிலுக்குச் சென்றிருந்தேன். ஏட்டில் அதன் பெயர் அமலோற்பவ அன்னை பேராலயம். புதுச்சேரிக்காரர்களுக்கு அது என்றும் சம்பா கோயில்தான். புனித பவுலின் பெயரை ஐரோப்பியர் சொன்ன விதம் தமிழர் நாவில் சம்பாவாகித் தங்கிவிட்டது.

முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்தெடுத்த சாம்பலால் குருவானவர் நெற்றியில் சிலுவை வரைகிறார். மனிதன் மண் என்பதை நினைவூட்டும் சடங்கு அது. சாம்பல் பூசிக்கொண்டு திரும்பும்போது அடுத்த வரிசையில் என் மாணவன் ஒருவனைக் கண்டேன். அவன் நெற்றியிலும் சிலுவை இருந்தது. என்னைக் கண்டதும் புன்னகை செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவனோ திடுக்கிட்டவன்போல் தலையைக் குனிந்துகொண்டு தூணின் மறைவுக்குச் சென்றுவிட்டான். ஒரு மணி நேரம் கழித்துக் கல்லூரி வாயிலில் அவனைப் பார்த்தபோது அவன் நெற்றி துடைத்த பலகைபோல் சுத்தமாயிருந்தது.

நான் துடைக்கவில்லை. ஆசிரியர் அறையில் சைவரான நண்பர் ஒருவர், "என்ன ஐயா, இன்றைக்கு நீங்களும் திருநீறு இட்டுக்கொண்டீர்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். தவக்காலத்தைப் பற்றிச் சிறு விரிவுரையே நிகழ்த்தினேன். என் விசுவாசத்தைப் பொதுவெளியில் அறிக்கையிட்ட நிறைவு எனக்கு அன்று முழுவதும் இருந்தது. அந்த நிறைவு எத்தனை மலிவான விலைக்குக் கிடைத்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

வருகைப் பதிவேட்டில் அம்மாணவனின் பெயர் முருகப்பெருமானின் திருப்பெயர்களுள் ஒன்று. அவன் வகுப்புக்குப் பொறுப்பாசிரியன் என்ற முறையில், ஒரு மாதத்திற்கு முன்புதான் அவனுடைய உதவித்தொகை விண்ணப்பத்தில் கையொப்பமிட்டிருந்தேன். அதில் சமயம் 'இந்து' என்றும், வகுப்பு 'பட்டியல் சாதி' என்றும் இருந்தன. தாசில்தார் அலுவலகத்துச் சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. கோயிலில் அவனுக்கு இன்னொரு பெயர் உண்டு என்பதையும், அது இயேசுவின் சீடர் ஒருவரின் பெயர் என்பதையும், அவன் பாட்டியின் காலத்திலிருந்தே அக்குடும்பம் கிறித்தவக் குடும்பம் என்பதையும் அவனே பிறகு சொன்னான். அவன் இசைவோடுதான் இதை எழுதுகிறேன். அவனை அடையாளம் காட்டக்கூடியவற்றை விலக்கியிருக்கிறேன். இரண்டு பெயர்களையுமே எழுதாமல் விடுவதும் அதனால்தான்.

அந்தப் பருவத்தில் நான் நடத்திய பாடம் கிறித்தவத் தமிழிலக்கியம். வீரமாமுனிவரில் தொடங்கி எச்.ஏ.கிருஷ்ணப் பிள்ளை வரை வரும் பாடத்திட்டம். எனக்கு அதில் மிகவும் உவப்பான பகுதி மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் பிறந்து 1889இல் மறைந்த அவர் கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்தவர். 1876ஆம் ஆண்டு தொடங்கிய கொடும் பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் ஒரு கிறித்தவரின் ஈகையைப் புகழ்ந்து கீர்த்தனம் செய்யும்படி வாழ்ந்தவர். 1878இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்'. அதற்கடுத்த ஆண்டு வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். எழுதியவர் கிறித்தவர், கதைத்தலைவனோ கிறித்தவன் அல்லன்.

இவற்றோடு ஒரு காட்சியையும் ஆண்டுதோறும் சொல்வேன். 1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உயிர்நீத்தார். அந்த இறுதி வேளையில் உ.வே.சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்தார். மகாவித்துவானைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்த மாணாக்கர் சவேரிநாத பிள்ளை. அவர் கிறித்தவர். சைவ ஆதீனத்தின் எல்லைக்குள் திருவாசகம் ஒலிக்க, சைவப் பெரும்புலவரின் உயிர் ஒரு கிறித்தவ மாணாக்கரின் மார்பில் அடங்கியது. விசுவாசத்தைப் பொதுவாழ்வில் வாழ்வது என்றால் இதுதான் என்று சொல்லும்போது என் குரல் சற்றுத் தழுதழுக்கும்.

அன்று வகுப்பு முடிந்ததும் அம்மாணவன் என்னிடம் வந்தான். சாம்பல் புதனுக்குப் பின் அவன் என்னை நேராகப் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

"ஐயா, ஓர் ஐயம். வேதநாயகம் பிள்ளை, சவேரிநாத பிள்ளை, கிருஷ்ணப் பிள்ளை. கிறித்தவர்களான பின்னும் இவர்கள் எல்லோரும் பிள்ளைகளாகவே இருந்தார்களே?"

"அக்காலத்து வழக்கம் அது" என்றேன்.

"ஞானஸ்நானம் அவர்களுடைய சாதியை எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கும் எடுத்துக்கொள்ளவில்லை ஐயா. சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டது."

இருபதாண்டுகளாக அப்பாடத்தை நடத்தி வருகிறேன். இப்படி ஒரு வினாவை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அவன் சொன்னதன் சட்டப் பின்னணி வாசகர்கள் பலரும் அறிந்ததே. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்து சமயத்தோடு பிணைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இல்லை. புதுச்சேரிக்கென 1964இல் வந்த தனி ஆணையிலும் அதே வரம்புதான். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இத்தகுதியைச் சமயத்திலிருந்து விடுவிக்க வேண்டுமெனத் தன் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணை பிறந்த ஆகஸ்டு 10ஆம் நாளைத் தலித் கிறித்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து வருகிறார்கள். சட்டத்தின் தருக்கம் எளிமையானது: கிறித்தவத்தில் சாதி இல்லை, ஆகவே சாதியினால் வரும் இழிவும் இல்லை, ஆகவே அதற்கான ஈடும் வேண்டியதில்லை. முதல் வாக்கியம் மெய்யானால் மற்ற இரண்டும் மெய்.

பெயரை மாற்றி எழுதித் தகுதி பெறுவது எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தம் வழிவழி வந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்போர், புதிய குடும்பப் பெயரொன்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு அதன்கீழ் வாழலாம். அப்படித் துறந்தவர்களில் கிறித்தவர் மிகுதி. பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. அன்று ஒருவர் புதுப்பெயரை எழுதிக்கொண்டது சமத்துவத்தை நாடி. அதை ஊரறியச் சொல்லிக்கொள்ளவும் முடிந்தது. என் மாணவனின் குடும்பமும் நாடியது அதையேதான். அவர்களுக்கோ ஒரு பெயர் வெளியே தெரிந்தால் மற்றொன்று பறிபோகும்.

2024 நவம்பர் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்கின் மூலம் எங்கள் புதுச்சேரி. அரசு எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய ஒரு பெண், கிறித்தவராக ஞானஸ்நானம் பெற்றவர், தொடர்ந்து கோயிலுக்குச் செல்பவர் என்று நீதிமன்றம் கண்டது. உள்ளத்தில் நம்பிக்கையின்றி, இடஒதுக்கீட்டை மட்டும் நோக்கமாகக் கொண்டு இந்து என உரிமை கோருவது அரசியலமைப்பின் மீது இழைக்கும் மோசடி என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இருக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டு வேறு தீர்ப்பு எழுதுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாள் அரசியலமைப்பு நாளாகவும் அமைந்தது தற்செயல்.

அந்த வாரக் கடைசியில் அவன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். படிப்பை முடித்துப் போட்டித் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே சந்தித்தோம். கையில் மடித்த நாளிதழ் இருந்தது. நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோசடி என்கிறார்கள் ஐயா. அம்மாவிடம் காட்டவில்லை. அம்மா ஒரு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்."

நான் ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவன் இடைமறித்தான்.

"அன்றைக்குச் சாம்பலைத் துடைத்தேனே, அதைத் துடைத்திருக்கவே வேண்டாம். பார்க்கிறவர்கள் திருநீறு என்றுதான் நினைத்திருப்பார்கள். நீங்கள் பார்த்துவிட்டீர்களே என்றுதான் துடைத்தேன்."

என் கண்ணுக்கு அஞ்சியிருக்கிறான். அதே கோயிலில் அதே வரிசையில் நின்று அதே சாம்பலை ஏற்றுக்கொண்ட ஒருவனின் கண்ணுக்கு. நான் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை எண்ணியிருக்கிறான். அவனுக்கு அந்நியராக இருந்தவர் திருநீறா என்று கேட்ட சைவ நண்பரல்லர், நான்.

சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்தி விந்தையானது. நோன்பிருப்பவன் பிறர் காணும்படி முகவாட்டம் காட்டாமல் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு மறைவில் வேண்ட வேண்டும் என்பது அதன் கருத்து. அதைக் கேட்டுவிட்டு உடனே நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீதிக்கு வருகிறோம். அதே நற்செய்தி நூலில் வேறோரிடத்தில், மனிதர் முன் என்னை மறுதலிப்பவனைத் தந்தையின் முன் நானும் மறுதலிப்பேன் என்னும் பொருள்பட இயேசு பேசுகிறார். இவ்விரண்டாம் வாக்கை எடுத்துக்கொண்டு அவனுக்கு அறிவுரை கூறுவது எளிது. உண்மையைச் சொல், சான்றிதழைத் துற, இறைவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிடலாம். பிரசங்க மேடைகளில் அப்படிப் பேசக் கேட்டுமிருக்கிறேன். அதைச் சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது என்பதே என் வினா. ஏனெனில் 'கிறித்தவத்தில் சாதி இல்லை' என்னும் அந்த முதல் வாக்கியத்தைப் பொய்யாக்கியவர்கள் என்னைப் போன்றவர்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்கள் 1745 அக்டோபர் மாதத்துக் குறிப்பொன்றை மறந்திருக்க மாட்டார்கள். கோயிலின் உட்புறத்தில், வடபக்கமாக ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. ஒருபுறம் தலித் கிறித்தவர்கள். மறுபுறம் சாதிக் கிறித்தவர்களும் சட்டைக்காரர்களும் ஐரோப்பியர்களும். தலித் மக்கள் பெரிய குருவிடம் சென்று, நாங்களும் உங்கள் சீடர்களானால் எல்லாரையும் ஒன்றாக நடத்த வேண்டாமா என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இதையெல்லாம் கிறித்தவரல்லாத ரங்கப் பிள்ளை அயலார் வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்ப்பவர்போல் எழுதிச் செல்கிறார். மூன்றாண்டு கழித்து, 1748இல், அக்கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டதையும் அவரே எழுதியிருக்கிறார். அங்கே அவர் வேடிக்கை பார்ப்பவரல்லர். ஆலயம் பின்னர் இன்றைய மகாத்மா காந்தி வீதியில் எழுந்தது. சம்பா கோயிலும் 1761இல் ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்டு, இன்றுள்ள கட்டடம் 1791இல் நிறைவுற்றது.

ஆக, நான் சாம்பல் பூசிக்கொள்ளும் தரையில் சுவர் இருந்த இடத்தை இன்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் சுவரை வேறு இடங்களில் கட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள் நாங்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூர் எங்கள் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமெனக் கேட்டதையொட்டி மூண்ட கலவரத்தில், 2008 மார்ச் 9ஆம் நாள் காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். தாக்கியோரும் தாக்கப்பட்டோரும் மாண்டோரும் கிறித்தவர்கள். அது தவக்காலம். நெற்றிச் சாம்பல் உதிர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

எறையூர்வரை போக வேண்டியதில்லை. தென்னார்க்காட்டில் எங்கள் பூர்வீக ஊரிலும் கல்லறைத் தோட்டங்கள் இரண்டு. ஒன்றில் என் தாத்தாவும் தந்தையும் உறங்குகிறார்கள். செப்டம்பரில் மாதா பிறப்புப் பெருவிழாவின் தேர்பவனி நடக்கும். எங்கள் தெருக்களைச் சுற்றிவிட்டுக் காலனித் தெருவின் முனையில் தேர் சற்று நிற்கும். அங்குள்ளவர்கள் முனைக்கு வந்து மெழுகுதிரி ஏற்றி, மாலை கொடுத்துத் திரும்புவார்கள். பிறகு தேர் திரும்பும். சிறுவனாக அந்தத் தேரின் முன்னால் மலர் தூவி நடந்திருக்கிறேன். தேர் ஏன் உள்ளே போகவில்லை என்று ஒருமுறை கேட்டபோது, தெரு குறுகல் என்றார் தந்தை. நம்பினேன். பின்னர், காலனிக்குள் தண்ணீர் லாரி போய்வருவதைக் கண்ணால் பார்த்த பிறகும், நம்பியதுபோல் இருந்துவிட்டேன். முதுகலையில் தமிழிலக்கியம் பயின்று, நந்தனைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வெழுதி, ஊருக்குப் போய்த் தேரின் வடத்தைப் பிடித்தேன்.

இந்த மௌனம்தான் என் மாணவனின் இரண்டாவது பெயரை எழுதியது. பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளையை யார் மீறினார்? கிறித்தவத்தில் சாதி இல்லையென்று ஆணை எழுதியவர்கள் நம்பும்படி வெளியே பேசிவிட்டு, உள்ளே இரண்டு கல்லறைகளை வைத்துக்கொண்டிருப்பது பொய்ச்சான்று இல்லையா? அவன் ஒரு தாளில் எழுதியதை நாங்கள் ஊர் முழுவதும் எழுதி வைத்திருக்கிறோம். விசுவாசத்தை வெளிப்படையாக வாழ்தல் என்பது நெற்றியில் சாம்பலோடு ஆசிரியர் அறைக்குள் நுழைவதென்று எண்ணியிருந்தேன். அதனால் எனக்கு ஒரு காசும் நட்டமில்லை. நட்டம் வரக்கூடிய இடம் வேறெங்கோ இருந்தது; அந்த இடத்தை நான் அறிந்தும் இருந்தேன்.

2025ஆம் ஆண்டுப் பெருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, எங்கள் உறவினர்களில் இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். தேர் காலனித் தெருவுக்குள்ளும் போகவேண்டும் என்பது ஒன்றே கோரிக்கை. அவர் பொறுமையாகப் படித்தார். ஊர்க்கூட்டத்தில் வைத்தார். கூட்டத்தில் என் சித்தப்பா எழுந்து, "பாண்டிச்சேரியில் உட்கார்ந்துகொண்டு படித்தவன் பேசுகிற பேச்சு இது. நாளைக்கு அடிதடி வந்தால் இவனா வந்து நிற்பான்?" என்றார். வேறு சிலர் என் தந்தையின் பெயரைச் சொல்லி வருந்தினார்கள். அமைதி கெடக்கூடாதென்று விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. சித்தப்பா வீட்டில் இன்றுவரை என்னோடு பேச்சில்லை. அம்மா மட்டும், "உங்கப்பாவுக்கும் தெரியும்டா, தெரு குறுகல் இல்லைன்னு" என்று மெல்லச் சொன்னார். அவ்வளவு காலம் அந்த வாக்கியத்தை அவர் எங்கே வைத்திருந்தாரோ!

பெருவிழா இரவில் தேர் வழக்கம்போலவே புறப்பட்டது. நான் வடம் பிடிக்கவில்லை. வீட்டிலும் இருக்கவில்லை. தேர் வருமுன்பே நடந்து காலனித் தெருமுனைக்குச் சென்று, அங்கே மெழுகுதிரியோடு காத்திருந்தவர்களிடையே நின்றேன். ஒரு பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் கையிலிருந்த திரிகளில் ஒன்றைக் கொடுத்தார். தேர் வந்தது. நின்றது. என் உறவினர்கள் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார்கள். சிறு வயதுமுதல் அந்தத் தேரை நான் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். அது தன்னை நோக்கி வந்து, நின்று, திரும்பிப் போவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மாதாவின் முதுகும் அதில் பூசிய நீல வண்ணமும் நெடுந்தூரம்வரை தெரிந்தன.

இது பெரிய செயல் ஒன்றுமன்று. ஆணை மாறவில்லை, தேரின் வழி மாறவில்லை. அவனுக்குச் சொல்லவேண்டும்போல் தோன்றியது. மறுநாள் புதுச்சேரி திரும்பும் பேருந்திலிருந்து அவனை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். தேர் உள்ளே போகவில்லை என்பதையும் சொன்னேன்.

"தெரியும் ஐயா, போகாது" என்றான். பிறகு, "நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டான்.

"தெருமுனையில்."

"எந்தப் பக்கம் ஐயா?"

சொன்னேன்.